இடப்பக்கத்துப் புல்லாங்குழல்

அப்படிப் பார்க்காதீர்கள். கட்டைப்பைக்குள் இருப்பது வெடிகுண்டு இல்லை. ரிசீவர். ஒன்பது கிலோ. மடியில் வைத்து வைத்துத் தொடை மரத்துப்போய்விட்டது, ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை. இந்தத் தரையை எதைக் கொண்டு துடைக்கிறார்களோ, அந்த வாடையிலேயே பாதிப் பேருக்கு மூக்கடைப்பு வந்திருக்கும்.

ஒரு நிமிஷம். நீங்கள் எழுந்து இந்தப் பக்கம், எனக்கு வலது கைப்பக்கம், வந்து உட்கார முடியுமா? அங்கே ஏசி நேராக உங்கள் தலையில் அடிக்கிறது. உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். ம், அப்படி. இப்போது பேசலாம்.

வீட்டுக்காரர் உள்ளே போயிருக்கிறாரா? சரி, அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என் நம்பர் முப்பத்தொன்று. இப்போதுதான் இருபத்தைந்து போயிருக்கிறது. நான் நோயாளி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் சென்டருக்கு இதைக் கொண்டுபோகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியை யாராவது சும்மா எட்டிப் பார்ப்பார்களா என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுவேன். சர்வீஸ் சென்டர்காரன் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவான்.

ரிசீவர் என்றால் தெரியும்தானே? டிவி, செல்போன், எதிலிருந்து பாட்டு வந்தாலும் வாங்கி, ஹாலில் இருக்கிற ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. பந்தியில் பரிமாறுகிற ஆள் மாதிரி, இந்த இலைக்கு இது, அந்த இலைக்கு அது. என் வீட்டுக்காரர் ரிடையர் ஆனதும் வாங்கினார். தயாளன் என்று பெயர், ஆர்.டி.ஓ. ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்தவர். வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. செய்தி போட்டுக் கேட்பார், மூன்று நிமிஷம் செய்தி, நான்காவது நிமிஷம் குறட்டை. அதை உருப்படியாகப் பயன்படுத்தியது நான் ஒருத்திதான். மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு அடங்கும். மகனும் மருமகளும் ஆபீசில் இருப்பார்கள், இவர் படுத்திருப்பார். இரண்டிலிருந்து நான்கு வரை ஹால் என்னுடையது. அந்த நேரத்தில் யார் வந்தாலும் காபி கிடையாது.

ஒரு பாட்டு உண்டு. பழைய பாட்டு. அதைப் பதிவு பண்ணும்போதே பிரித்து வைத்திருக்கிறான் புண்ணியவான். இடது ஸ்பீக்கரில் புல்லாங்குழல், வலதில் தபேலா, நடுவில் அந்த அம்மா பாடுவார். நான் கான்வென்டில் ஏழு வருஷம் கொயர் பாட்டுக்குழுவில் இருந்தவள். செகண்ட் வாய்ஸ். சிஸ்டர் ஃபிலிப்பா பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "முதல் குரலை ஊரே கேட்கும், இரண்டாம் குரலை நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்பார். அந்தப் பழக்கம். எனக்கு எப்போதும் ஓரத்தில் வருவதுதான் முதலில் காதில் விழும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை புல்லாங்குழல்காரர் வரவில்லை.

சுத்தமாக வரவில்லை என்றும் சொல்ல முடியாது. எங்கேயோ அடுத்த வீட்டு மொட்டை மாடியில் நின்று ஊதுகிற மாதிரி இருந்தது. மற்றதெல்லாம், தபேலா, வயலின், அந்த அம்மா குரல், எல்லாம் போய் வலதுபக்கச் சுவரோரம் குவிந்துவிட்டது. டவுன் பஸ் வளைவில் திரும்பும்போது நிற்கிற ஜனமெல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அப்படி. கூடவே இடது பக்கம் ஒரு 'உஸ்'. குக்கரில் வெயிட் போடுவதற்கு முன்னால் ஆவி வருமே, அந்தச் சத்தம்.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினேன். அணைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் போட்டேன். மண்டையில் இரண்டு தட்டினேன். கடைசியில் இவரை எழுப்பினேன்.

"என்னங்க, லெஃப்ட் ஸ்பீக்கர் போச்சு."

வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்து ஒரு நிமிஷம் நின்று கேட்டார். "பாடுதே."

"எங்க பாடுது?"

"இதோ பாடுதே ஹேமா. கொழல் வாசிக்கிறான்ல."

"உங்களுக்குப் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினாலும் வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். போய்ப் படுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். ஜெகதீசன் என்று பெயர். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். ரிசீவரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான், தூசு ஊதினான், பிறகு எனக்கு விளக்கம் சொன்னான். சொல்லாவிட்டால் இந்த வீட்டில் வேலை நடக்காது என்று புரிந்துகொண்டுவிட்டான்.

"ரெண்டு ஒயரையும் மாத்திப் போடறேன் மேடம். கோளாறு அந்தப் பக்கம் போச்சுன்னா ரிசீவர்ல இருக்கு. எடத்தவிட்டு நகரலைன்னா ஸ்பீக்கர்ல இருக்கு."

மாற்றி, தன் செல்போனிலிருந்து ஏதோ பாட்டைப் போட்டான். நகரவில்லை. இடது பக்கம் இடது பக்கமாகவே இருந்தது.

"அப்ப ஸ்பீக்கர்தான்" என்று இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கி இடம் மாற்றி வைத்தான். வலதில் இருந்தது இடதுக்கு வந்தது. வந்ததும் அதுவும் ஊமை ஆகிவிட்டது.

"என்னப்பா, ரெண்டுலயும் இல்லைன்னா வேற எதுல இருக்கும்?" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணுல இருந்துதான் ஆகணும் மேடம்." தலையைச் சொறிந்தான். "எனக்கு ரெண்டும் நல்லாத்தான் கேக்குது."

"அந்த உஸ்ஸு? அதுவுமா நல்லாக் கேக்குது? பாட்டுதான் நின்னுடுச்சே, கேளு. இதோ, இப்பவும் வருது பாரு. உஸ்ஸுன்னு. ரிசீவருக்குள்ள என்னமோ தீயுது."

அவன் என்னையே பார்த்தான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். கையில் பிளக் இருந்தது.

"மேடம், கரன்ட்டையே எப்பவோ புடுங்கிட்டனுங்களே."

பெட்டியில் உயிர் இல்லை, ஒயரில் உயிர் இல்லை, உஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நீங்கள் யோசிப்பீர்கள். நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும் தெரியுமா?

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான். வேறொரு ரிசீவரைக் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டுப் பார்த்தான். அதே கதை. எல்லாவற்றையும் கழற்றி மாட்டி முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா? காதுல தண்ணி கிண்ணி போயிருக்குமோ?"

எனக்கு வந்ததே கோபம். "நீ ரிசீவர் மெக்கானிக்கா, இல்ல எனக்கு மெக்கானிக்கா?" என்றேன். அதோடு விட்டேனா? அன்று சாயங்காலம் கடை மானேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். மூன்று பாரா. எனக்குத் தமிழில் கோபம் வந்தால் வீட்டோடு போய்விடும், ஆங்கிலத்தில் வந்தால் கடைகள் நடுங்கும். திறமையில்லாத ஊழியர், மரியாதை தெரியாதவர், வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றிப் பேசுகிறார், இனி அவர் என் வாசல்படி மிதிக்கக் கூடாது. வாரன்ட்டி இருக்கிறது, புது ரிசீவர் வேண்டும்.

கொடுத்தார்கள். திங்கட்கிழமை புதுசு வந்தது. மாட்ட வந்தது வேறு ஆள். "ஜெகதீசன் எங்க?" என்று இவர் கேட்டார். "அவரை ஃபீல்டுல இருந்து எடுத்துட்டாங்க சார், குடோன்ல பெட்டி தூக்கறாரு" என்றான் அவன். நான் அடுப்பை அணைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அந்த உஸ் இல்லாமல் இருந்திருந்தால் அவனை நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இல்லை, செய்திருப்பேன். தெரியவில்லை.

இருபத்தேழா கூப்பிட்டார்கள்? இன்னும் மூன்று பேர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். இரண்டு மணி. வீடு அடங்கியது. புது ரிசீவர், அதே பாட்டு. வலதுபக்கச் சுவரோரம் குவியல், இடதில் உஸ். நான் ஒற்றை நாற்காலியில் ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியதோ, எழுந்து நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டேன். இப்போது என் முகம் வாசலைப் பார்க்கிறது, முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கிறது. உட்கார்ந்தேன்.

குழல் வந்துவிட்டது.

பளிச்சென்று வந்தது. பக்கத்தில் நின்று ஊதுகிற மாதிரி. தபேலாதான் இப்போது மொட்டை மாடிக்குப் போய்விட்டது. ஒயரை யாரும் மாற்றவில்லை, பெட்டியை யாரும் தொடவில்லை. திரும்பி உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ஜெகதீசன் ஒயரை மாற்றிப் பார்த்தான், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தான், ரிசீவரை மாற்றிப் பார்த்தான். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று.

பாட்டு முடிந்து வேறென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து இடது காதில் வைத்துப் பார்த்தால் ஒரு விநாடியில் தெரிந்துவிடும். நான் எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். எடுத்தேன். பாதி தூரம் கொண்டுபோனேன். வைக்கவில்லை. இன்றுவரை வைக்கவில்லை. வைத்தால் நிச்சயமாகிவிடும் இல்லையா? நாற்காலியை மட்டும் பழையபடி திருப்பிப் போட்டுவிட்டேன், யாராவது பார்த்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது டாக்டர் இல்லை. என் மாமியார்.

அவருக்கு இடது காது கேட்காது. ஏதோ காய்ச்சலில் போனதாம், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே. பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு வாய் எப்படி என்றுதான் இவ்வளவு நேரத்தில் தெரிந்திருக்குமே. பரிமாறும்போது அவருக்கு இடது பக்கமாகத்தான் போய் நிற்பேன். குனிந்து சாதம் போட்டுக்கொண்டே என்னென்ன சொல்லவேண்டுமோ சொல்லிவிடுவேன். "தின்னு. உனக்கு எத்தனை பொங்கினாலும் பத்தாது." முகத்தில் சிரிப்பு மாறாது. எதிரே இவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் கேட்காது, அவ்வளவு மெதுவாக. மாமியார் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டால், "என்ன சொன்னே ஹேமா?" என்பார். "ஒண்ணுமில்லத்தை, ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்" என்பேன். "ஊத்து" என்பார். கொடுமை ஒன்றும் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் கொடுத்தவள் நான். உங்களிடம் சொல்வதற்கு என்ன, அந்த இடது காது இருந்ததால்தான் அந்த வீட்டில் என்னால் வாழ முடிந்தது. அது எனக்கு ஒரு ஜன்னல் மாதிரி.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். இடது பக்கம்தான். ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஹேமா, நீ அந்தப் பக்கம் நின்னு பேசறப்ப எனக்குத் தெரியும்."

போர்வை நுனியைச் செருகுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சத்தம் வராது. மூச்சு படும். நீ என்ன சொல்றேன்னு தெரியாது, சூடா இருக்கும். அவ்ளோதான்."

கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கா தெரியாது? இரண்டு மாசத்தில் போய்விட்டார்.

இப்போது என் மருமகள். ஷைலஜா. நல்ல பெண். அதுதான் பயம். வாய்க்குள்ளேயே பேசுவாள், எதிர்த்து ஒரு சொல் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு என் இடது பக்க நாற்காலி, கல்யாணம் ஆன நாளிலிருந்து. நான்தான் அங்கே உட்கார வைத்தேன். புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், எதிரே இவரும் என் மகனும் சட்டென்று சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பினேன். ஷைலஜாவின் உதடு அப்போதுதான் மூடியது.

"என்ன சொன்னே?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்கத்தை. ரசம் நல்லாருக்குன்னு சொன்னேன்."

ரசம்! உலகத்தில் எத்தனை சமாச்சாரம் இருக்கிறது, அவளுக்கு ரசம்தான் கிடைத்ததா? நிஜமாகவே ரசம் நன்றாகத்தான் இருந்தது, அன்று பருப்பு கொஞ்சம் அதிகம் போட்டிருந்தேன். அவள் நிஜமாகவே அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். இனிமேல் எப்போதாவது எப்படித் தெரியும்?

நேற்று ஐந்து ரோடு சந்திப்பில் ரோடு தாண்டுகிறேன். ஹாரன் அடிக்கிறது. எல்லா ஹாரனும் எனக்கு வலது பக்கத்திலேயே அடிக்கிறது. வலது பக்கம் பார்த்தேன், யாரும் இல்லை. பூக்கார அம்மா ஒருத்தி என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி டெம்போ போகிறது, இடது பக்கமிருந்து. டிரைவர் எட்டிப் பார்த்து, "காது செவிடா?" என்று கத்தினான். எல்லாரிடமும் கத்துகிற வார்த்தைதான். தினம் நூறு பேரிடம் சொல்லுவான். இவ்வளவு வாய் பேசுகிற நான், நடுரோட்டில் கையெடுத்துக் கும்பிட்டேன் அவனை.

அதனால்தான் இன்று காலை வீட்டில், "புது ரிசீவரும் சரியில்லை, நானே நேரில் கொண்டுபோய் சர்வீஸ் சென்டர்காரனை ரெண்டு கேள்வி கேக்கறேன்" என்று கிளம்பினேன். இவர், "நானும் வர்றேன், கனமா இருக்கும்" என்றார். "நீங்க வந்தா அவன்கிட்ட சாரி சொல்லிட்டு வந்துடுவீங்க" என்றேன். வாசல் வரை பையைத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார். எனக்கு இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். ஆட்டோ கிளம்பிவிட்டது. என்ன சொன்னார் என்று தெரியாது.

அங்கே கவுன்டரில் இருக்கிற பெண் கேட்டாள், "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று. "நேத்திலிருந்து" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால், அதோ, அவள் தலைக்கு மேலே பாருங்கள், அந்த போஸ்டர். 'திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே வாருங்கள். நாள் தள்ளினால் திரும்பக் கிடைப்பது கடினம்.' வந்ததிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 'அன்றே' என்பதற்கு அடியில் சிவப்புக் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொரு நாள். பதினொரு நாளில் நான் இரண்டு தடவை ஒருத்தனை வரவழைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன், மூன்று பாரா மெயில் எழுதியிருக்கிறேன், ஒரு ரிசீவரை மாற்றியிருக்கிறேன், அவன் வேலையையும் மாற்றியிருக்கிறேன். அவன் கேட்ட அன்றைக்கு வந்திருந்தால் நான்காவது நாள்.

நேற்றிலிருந்து என்று சொன்னால் டாக்டர் நேற்றுக்குரிய மருந்தைத்தான் கொடுப்பார், இல்லையா? நேற்று என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. அவர் முகம் நிம்மதியாக இருக்கும். "அடடா, உடனே வந்துட்டீங்களே" என்பார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

முப்பதா போகிறது? அதற்குள்ளாகவா? நடுவில் இருந்தவர்கள் எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

இங்கே பாருங்கள், ஒரு உதவி. நீங்கள் யாரோ, நான் யாரோ. நாளைக்கு என்னைப் பார்க்கப்போவதில்லை. வீட்டில் யாரிடமும் இதைக் கேட்க முடியாது, அதனால்தான். எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள். ஆமாம், ஏசி பக்கம்தான். ஏசி எல்லாம் ஒன்றும் இல்லை, நான்தான் சொன்னேன், அது ஓடவே இல்லை பாருங்கள். என் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதாவது சொல்லுங்கள். எது வேண்டுமானாலும். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இல்லை, இவ்வளவு நேரம் இவள் பேசிப் பேசி உயிரை எடுத்துவிட்டாள் என்று தோன்றியதல்லவா, அதைச் சொல்லுங்கள். நான் உங்கள் உதட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறேன். வலது காதையும் விரலால் அடைத்துக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் கையைத் தொடுங்கள்.

ம்.

நான் தயார். சொல்லுங்கள்.

ஏன் தயங்குகிறீர்கள், சொல்லுங்களேன்.

...சொல்லிவிட்டீர்களா?

வேண்டாம். என்ன சொன்னீர்கள் என்று திரும்பச் சொல்லாதீர்கள். என் கண்ணைத் துடைக்கக்கூட வேண்டாம், பரவாயில்லை. நீங்கள் நல்லதாகத்தான் ஏதோ சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது.

சூடாக இருந்தது.

முப்பத்தொன்று. இதோ, இதோ வருகிறேன்மா, நான்தான். எத்தனை நாள் என்று கேட்டால் பதினொன்று என்று சொல்லப்போகிறேன். திட்டினால் திட்டட்டும். இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திருங்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள், கனம். கீழே போட்டுவிடாதீர்கள். நல்ல ரிசீவர். அதில் ஒரு கோளாறும் கிடையாது.